திரும்பி வாராதவை: மலையில் வீழ்ந்த வானூர்திகளும் தமிழ்ச் சான்றுகளும்

முன்னுரை

போரில் வீழ்ந்தார்க்குக் கல் நட்டு, அவர்தம் பெயரையும் செயலையும் அதிற் பொறித்து வழிபடுதல் தமிழரிடையே தொன்மையானதொரு வழக்கம். தொல்காப்பியர் புறத்திணையியலில், தக்க கல்லைக் காண்பது முதல் நட்ட கல்லை வாழ்த்துவது ஈறாக, அவ்வழக்கத்தைப் படிப்படியாக வகுத்துரைத்தார். மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனாரோ, நன்னனது நாட்டை நோக்கி மலைவழியே செல்லும் கூத்தர்க்கு வழிகூறுமிடத்து, அவ்வழியில் எதிர்ப்படும் நடுகற்களையும் சுட்டிச் செல்கின்றார். மலைவழிச் செலவும் வீழ்ந்தார் நினைவும் நம் இலக்கியத்துள் இவ்வாறு ஒருங்கே இடம்பெறுகின்றன.

இரண்டாம் உலகப்போர் (1939-1945) வீழ்ந்தார்க்குப் புதியதொரு களத்தைத் தந்தது, அக்களம் வானம். பகைவரால் அடிபட்டும், முகிலிடை வழிதவறியும் வீழ்ந்த வானூர்திகள் பல, மக்கள் சென்றடைதற்கரிய மலைகளில் இன்றும் கிடக்கின்றன. அவ்விடங்களைத் தேடி நடந்து செல்வோர் பல நாடுகளிலும் உளர். அச்செலவு பொழுதுபோக்கா, வரலாற்று ஆராய்ச்சியா என்பதும், தமிழ் ஆராய்வார்க்கு அதனால் ஆவது யாது என்பதும் ஈண்டு ஆராயப்பெறும். ஆராய்ச்சியின் பயனைப் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரிலும் அதனையடுத்த பச்சைமலையிலும் பொருத்திக் காண்போம். மாணவரை யாம் கள ஆய்வுக்கு அழைத்துச் செல்லும் பகுதி அதுவே ஆதலின், அங்குச் செய்தற்குரிய பணி யாது என்பதை வரையறுத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பறவைப் பெயர் பூண்ட நிலையங்கள்

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பும், 9ஆம் நாள் திருகோணமலையும் சப்பானிய வானூர்திகளால் தாக்கப்பெற்றன. இடைப்பட்ட 6ஆம் நாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்குண்டன. போர் தென்னாட்டின் வாயிலுக்கு வந்துவிட்டது என்பதை மக்கள் உணர்ந்த கிழமை அது. போர்க்காலத்தில் தமிழ்நாட்டில் ஓடுபாதைகள் பல அமைந்தன. உளுந்தூர்ப்பேட்டை, சோழவரம், தஞ்சாவூர், செட்டிநாடு, கயத்தாறு, சூலூர் முதலியன அவற்றுட் சில. இவற்றுள் உளுந்தூர்ப்பேட்டை ஓடுபாதை அரும்பாவூருக்கு வடகிழக்கே உள்ளது.

இந்நிலையங்களுட் சில பிரித்தானியக் கடற்படையின் வானூர்திப் பிரிவிடம் இருந்தன. கடற்படையினர் தம் கரைநிலையங்களுக்கும் கப்பலுக்கு இடுவதுபோலப் பெயரிடுவர். வானூர்தி நிலையங்களுக்குப் பறவைப் பெயரிடுதல் அவர்தம் மரபு. அம்மரபின்படி கோயம்புத்தூர் நிலையம் 'கருடா' எனவும், சூலூர் 'வைரி' எனவும், தாம்பரம் 'வல்லூறு' எனவும், கொச்சி 'கழுகு' எனவும் பெயர் பெற்றன. இலங்கையிற் புத்தளம் 'ராஜாளிய' எனவும், கட்டுகுருந்த 'உகுஸ்ஸ' எனவும் சிங்களப் பெயர் பெற்றன. ஆங்கிலேயர் தம் போர்நிலையங்களுக்கு உள்நாட்டு மொழிகளில் வேட்டைப்பறவைகளின் பெயரைத் தேடியிட்டமை மொழிவரலாறு எழுதுவார் குறித்துக்கொள்ளத்தக்க செய்தியாகும். அம்மரபு இன்றும் தொடர்கின்றது. இந்தியக் கடற்படை 1992ஆம் ஆண்டு அரக்கோணத்தில் அமைத்த நிலையத்துக்கு 'ராஜாளி' எனவும், 2009ஆம் ஆண்டு உச்சிப்புளியில் அமைத்த நிலையத்துக்குப் 'பருந்து' எனவும் பெயரிட்டுள்ளது.

போர் முடிந்தபின் நிலையங்கள் சில பயனற்றுக் கிடந்தன. பெயர்கள் கோப்புகளில் தங்கின. அந்நிலையங்களிலிருந்து எழுந்த ஊர்திகளுள் திரும்பியவை எத்தனை, திரும்பாதவை எத்தனை என்பதே வரலாற்றாசிரியன் அடுத்துக் கேட்கவேண்டிய வினா.

கிழக்கிமயத்து வான்வழி

மலையில் வானூர்திகள் வீழ்ந்தமைக்கு உலகப்போரில் தலைசிறந்த எடுத்துக்காட்டு, அசாமிலிருந்து சீனத்துக் குன்மிங் நகருக்குச் சென்ற வான்வழியாகும். பர்மாவைச் சப்பானியர் கைப்பற்றியதும் சீனத்துக்குச் சென்ற தரைவழி அடைபட்டது. அதனால் 1942 முதல் 1945 வரை உணவும் எரிநெய்யும் படைக்கலமும் வானூர்தி வழியே மலைத்தொடர்களைக் கடந்து சென்றன. வானோடிகள் அம்மலைத்தொடரைத் 'திமில்' என்னும் பொருள்படும் 'ஹம்ப்' என்னும் பெயரால் வழங்கினர். ஏறத்தாழ 6,50,000 டன் சரக்கு அவ்வழியே சென்றது. ஏறத்தாழ 600 ஊர்திகள் அழிந்தன. அழிவிற் பெரும்பகுதி பகைவரால் நேர்ந்ததன்று. திடீரெனச் சூழும் முகில், இறக்கையிற் படியும் பனிக்கட்டி, எதிர்பாராத கடுங்காற்று, பிழைபட்ட நிலப்படம் ஆகியவையே ஊர்திகளை மலைமீது மோதுவித்தன.

1944ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் குன்மிங்கிலிருந்து அசாமிலுள்ள சபுவாவை நோக்கிப் புறப்பட்ட 'ஹாட் ஆஸ் ஹெல்' என்னும் பி-24 வகை ஊர்தி, தன்னிடத்திருந்த 8 வீரருடன் மறைந்தது. 62 ஆண்டுகள் கழித்து, 2006ஆம் ஆண்டில், அருணாசலப் பிரதேசத்துத் தம்ரோ என்னும் ஊருக்கு அண்மையிலுள்ள மலையில், அமெரிக்க மலையேறி கிளேட்டன் கூல்சு அதனைக் கண்டறிந்தார். பின்னர் அங்கு அகழ்ந்தெடுத்த எச்சங்களை ஆராய்ந்ததன் பயனாக, அவ்வீரருள் ஒருவரான இராபர்ட் ஆக்ஸ்போர்டு அடையாளங் காணப்பெற்று, 2017ஆம் ஆண்டில் தம் சொந்த மாநிலமான சார்சியாவில் அடக்கஞ் செய்யப்பெற்றார்.

இத்தேட்டத்தின் முறை நம் கருத்தைக் கவர்வது. தேடுவோர் முதலிற் படைத்துறைக் கோப்புகளில் திரும்பாத ஊர்தியின் எண், புறப்பட்ட இடம், நேரம், உடனிருந்தோர் பெயர் ஆகியவற்றைத் தொகுக்கின்றனர். அடுத்து மலையூர்களுக்குச் சென்று முதியோரிடமும் வேட்டுவரிடமும் உசாவுகின்றனர். ஊர்தி கிடக்கும் இடம் அரசுக்குத் தெரியாதிருப்பினும் அம்மக்களுக்குத் தெரிந்திருந்தது. சிதறிய அலுமினியத் தகடுகளை அவர்கள் கலமாகவும் கருவியாகவும் ஆக்கிக்கொண்டதும் உண்டு. பின்னர் அவர்களையே வழிகாட்டிகளாகக் கொண்டு காட்டினூடே பல நாள் நடந்து, உடைந்த பொறியிலோ வாற்பகுதியிலோ பொறித்த எண்ணைக் கண்டு, கோப்பிலுள்ள எண்ணோடு ஒப்பிடுகின்றனர். ஏட்டுச் சான்று, வாய்மொழிச் சான்று, பொருட்சான்று என்னும் மூன்றும் மலையுச்சியில் ஒன்றுபட்ட பின்னரே முடிவு கூறப்பெறுகின்றது. இம்முறையில் நிகழும் மலையேற்றம் பொழுதுபோக்கு ஆகாது. கள ஆய்வே ஆகும்.

அதே 2006ஆம் ஆண்டில், தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று ஆகோளில் இறந்தானைக் குறிப்பது. ஏட்டிற் படித்த ஆகோளுக்குக் கல்லிற் சான்று கிடைத்தது களத்தில் நடந்தமையால் அன்றோ?

கோத்தகிரி, 1950

தமிழ்நாட்டு மலைகளுள் நம் ஆராய்ச்சிக்கு மிகவும் உரியது நீலமலை. 1950ஆம் ஆண்டு திசம்பர் 13ஆம் நாள், கோயம்புத்தூரை நோக்கி வந்த ஏர் இந்தியா நிறுவனத்தின் டக்கோட்டா வகை வானூர்தியொன்று, கோத்தகிரியை அடுத்த மலைப்பகுதியில் மோதி வீழ்ந்தது. அதிலிருந்தோர் அனைவரும் இறந்தனர். வழியறிதலில் நேர்ந்த பிழையே காரணமெனக் கூறப்பெற்றது. அந்நாளில் அந்நிறுவனம் தனியார் உடைமை. 1953ஆம் ஆண்டிலேயே வான்போக்குவரத்து நாட்டுடைமையாயிற்று.

வீழ்ந்தது போர் முடிந்தபின் எனினும், அந்நிகழ்ச்சி இருவகையாற் போரோடு தொடர்புடையது. டக்கோட்டா, போர்க்காலத்திற் பல்லாயிரக்கணக்கிற் கட்டப்பெற்ற வகை. கிழக்கிமயத்து வான்வழியிற் பறந்தனவற்றுள்ளும் அது ஒன்று. போர் முடிந்தபின் எஞ்சிய ஊர்திகள் பல விற்கப்பெற்றமையால், இந்திய வான்போக்குவரத்து அவ்வகையைக் கொண்டே வளர்ந்தது. இஃது ஒன்று. மற்றொன்று, அவ்வூர்தியிற் பயணஞ் செய்தாருள் ஒருவர் ஆபிரகாம் வால்டு என்னும் புள்ளியியல் அறிஞர். போரிலிருந்து திரும்பி வாராத வானூர்திகளைப் பற்றிச் சிந்தித்து, அதற்கெனக் கணக்குமுறை வகுத்தவர் அவர். இந்திய அரசின் அழைப்பையேற்றுச் சொற்பொழிவாற்ற வந்தவிடத்து, தம் மனைவியார் லூசிலுடன் அவரும் திரும்பாதவராயினார்.

வால்டு 1902ஆம் ஆண்டு, அந்நாளில் ஆஸ்திரிய-அங்கேரியப் பேரரசின் பகுதியாயிருந்ததும் இந்நாளில் உருமேனியாவிலுள்ளதுமான குளூஜ் நகரில் யூதக் குடியிற் பிறந்தார். வியன்னாவிற் கார்ல் மெங்கரிடம் கணிதம் பயின்று 1931ஆம் ஆண்டு முனைவரானார். 1938ஆம் ஆண்டு ஆஸ்திரியாவை நாசிகள் கைப்பற்றவே அமெரிக்கா சென்றார். ஐரோப்பாவில் எஞ்சிய அவர்தம் குடும்பத்தாருட் பெரும்பாலோர் நாசிகளின் கொடுமைக்கு இரையாயினர். கொலம்பியாப் பல்கலைக்கழகத்துப் புள்ளியியல் ஆராய்ச்சிக் குழுவில் இருந்துகொண்டு அவர் போர்க்காலப் பணியாற்றினார். தொடர் பகுப்பாய்வு குறித்த அவர்தம் நூல் 1947ஆம் ஆண்டிலும், முடிவுச் சார்புகள் குறித்த நூல் 1950ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. இறக்கும்போது அவர்க்கு வயது 48.

கோத்தகிரிக்குக் கிழக்கே 18 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோடநாட்டுக் காட்சிமுனையில் நிற்பார்க்கு, ஆழத்தில் மாயாறு ஓடுதலும், தனித்து நிற்கும் அரங்கசாமித் தூண் என்னும் பாறையும் தோன்றும். அண்மையிலுள்ள அரங்கசாமி மலையுச்சி இருளர் வழிபடும் இடம். இத்தூணை அடுத்த சரிவுகளையே விபத்து நிகழ்ந்த பகுதியாகக் குறிப்பர். யாம் மாணவர் சிலருடன் அம்முனையில் நின்று பார்த்த காலை, முற்பகலிற் தெளிவாகத் தோன்றிய பாறை சிறிது பொழுதில் முகிலுள் முற்றிலும் மறைந்தது. எதிரே மலை உண்டு என்பதே தெரியாதாயிற்று. நிலப்படத்திற் கோடாகக் காணும் மலை, வானோடிக்கு எத்தகைய இடர் என்பதை ஏட்டினால் அறிதல் அரிது. நின்று கண்டால் ஒரு நொடியில் விளங்கும். இடத்தைக் காணாது நிகழ்ச்சியை எழுதுவார் இழப்பது இவ்வறிவேயாகும்.

வால்டின் கணக்கு

வால்டு ஆராய்ந்த சிக்கல் எளிதிற் கூறத்தக்கது. போருக்குச் சென்ற ஊர்திகளுட் சில துளைபட்டுத் திரும்புகின்றன; சில திரும்புவதில்லை. ஊர்தி முழுவதும் கவசம் பூட்டினால் எடை மிகும். எனவே எப்பகுதிக்குக் கவசம் இடுவது? திரும்பிய ஊர்திகளில் எங்குத் துளை மிகுதியோ அங்கே இடுக என்பது எவர்க்கும் முதலில் தோன்றும் விடை. அவ்விடை பிழையானது. அப்பகுதியில் அடிபட்டும் ஊர்தி திரும்பியது ஆதலின், அவ்வடியை அது தாங்கவல்லது என்பதே அதனாற் பெறப்படும். துளை அருகிக் காணப்படும் பகுதியே ஐயத்துக்குரியது. அங்கு அடிபட்டவை திரும்பாமையால், அத்துளைகள் நம் கண்ணுக்குத் தோன்றவில்லை.

1943ஆம் ஆண்டில் வால்டு எழுதிய குறிப்புகள் இதனைக் கணக்காக வளர்ப்பன. அவை 1980ஆம் ஆண்டில் மறுபதிப்பாயின. சிவப்புப் புள்ளிகளிட்ட வானூர்திப் படமொன்று இக்காலத்து அவர் பெயரோடு பரவலாக வழங்குகின்றது. அஃது அவர் வரைந்ததன்று, பிற்காலத்தார் விளக்கத்துக்கென ஆக்கியது. அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டது எண்களையே. 400 ஊர்திகள் சென்றன எனக் கொள்வோம். அவற்றுள் 380 திரும்பின. திரும்பியவற்றுள் 320 அடியே படாதவை. 32 ஓரடி பட்டவை. 20 ஈரடி பட்டவை. 4 மூன்றடி பட்டவை. நான்கடியும் ஐந்தடியும் பட்டவை இவ்விரண்டு. 20 ஊர்திகள் திரும்பவில்லை. இவற்றைக் கொண்டு, ஓரடியால் ஊர்தி வீழ்தற்குரிய வாய்ப்பினையும், எப்பகுதி மென்மையானது என்பதனையும் அவர் கணக்கிட்டுக் காட்டினார்.

ஈண்டு இரண்டு செய்திகளை உற்று நோக்குதல் வேண்டும். திரும்பியவற்றையே முழுச்சான்றாகக் கொள்ளற்க என்பது முதலாவது. இதனைப் பலரும் எடுத்துரைப்பர். இரண்டாவதனைப் பலரும் விட்டுவிடுவர். வால்டு திரும்பாதவற்றைக் கற்பனையால் நிரப்பவில்லை. சென்றவை 400 என்னும் தொகை அவர் கையில் இருந்தது. அதனாலேயே திரும்பாதவை 20 என்று கூற இயன்றது. சென்றவற்றின் தொகை இல்லையேல் அவர்தம் கணக்கே இல்லை. இழப்பைப் பற்றிப் பேசுதற்கு முதற்கண் வேண்டுவது புறப்பட்டவற்றின் பட்டியல்.

தமிழ்ச் சான்றுகளில் மூவகை இழப்பு

இவ்விரு செய்திகளும் தமிழ் இலக்கிய வரலாற்றுக்கு நேரே பொருந்துவன. நம் கையில் உள்ள சங்கநூல்கள் திரும்பி வந்த ஊர்திகள். கரையானுக்கும் நீருக்கும் நெருப்புக்கும் தப்பி, படியெடுப்பார் கைமாறி வந்தவை அவை. உ. வே. சாமிநாதையர் ஊர்தோறும் அலைந்து ஏடு தேடி, 1894ஆம் ஆண்டு புறநானூற்றையும் 1904ஆம் ஆண்டு பதிற்றுப்பத்தையும் பதிப்பித்திராவிடில், திரும்பியவற்றின் தொகை இன்னும் குறைந்திருக்கும். இழப்பினை யாம் மூவகையாகப் பகுத்துக் காண்கின்றோம்.

முதல்வகை, தொகை தெரிந்த இழப்பு. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் இறுதிப்பத்தும் கிடைத்தில. 100 பாடல்களுள் 20 இல்லை. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இல்லை. நூலின் அமைப்பே இழப்பின் அளவைக் காட்டி நிற்கின்றது. படைத்துறைக் கோப்பில் எண்ணும் பெயரும் உள்ள ஊர்தி இதற்கு ஒப்பாகும்.

இரண்டாம்வகை, பெயர் மட்டும் எஞ்சிய இழப்பு. உரையாசிரியர்கள் குறிப்பிடும் நூல்கள் பல இன்று இல்லை. இருந்தமைக்குச் சான்று உண்டு. அளவும் தன்மையும் தெரியா. முதியோர் நினைவில் மட்டும் உள்ள வீழ்விடம் இதற்கு ஒப்பாகும்.

மூன்றாம்வகை, தடமே இல்லாத இழப்பு. எழுதப்படாத பாடலும், ஏடேறாத வழக்கும், எவரும் படியெடாது ஒழிந்த நூலும் இதன்பாற்படும்.

இம்மூன்றையும் ஒன்றெனக் கொண்டு எழுதுவதே நம்மிடையே காணும் குறைபாடு. ஒருசாரார், எஞ்சிய நூல்களில் ஒரு செய்தி இல்லையேல் அச்செய்தி தமிழர் வாழ்விலேயே இல்லை என்பர். இவர் திரும்பிய ஊர்தியின் துளைகளை மட்டும் எண்ணுவார் போல்வர். மற்றொரு சாரார், மூன்றாம்வகை இழப்பைத் தம் விருப்பத்தால் நிரப்பி, அழிந்த நூல்கள் இத்துணையாயிரம் என்றும் இத்தன்மையன என்றும் அறுதியிட்டுரைப்பர். இவர் சென்ற ஊர்திகளின் தொகை அறியாமலே கணக்கிடுவார் போல்வர். இருசாராரும் வால்டிடம் கற்கவேண்டியது உண்டு.

பட்டியல் இல்லாதார்

இக்கருத்து நூலுக்கு மட்டும் உரியதன்று, மாந்தர்க்கும் உரியது. 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி பர்மாவில் இருந்த இந்தியர் பத்து இலக்கத்துக்கும் மேற்பட்டவர். தமிழர், தெலுங்கர், ஒரியர், வங்காளியர் எனப் பலரும் அவருள் அடங்குவர். 1941ஆம் ஆண்டு திசம்பர் 23ஆம் நாள் இரங்கூன்மீது குண்டு வீழ்ந்தது; 1942ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நகரம் வீழ்ந்தது. கப்பலேற இயலாத மக்கள் இலக்கக்கணக்கில் நடந்தே இந்தியாவுக்குப் புறப்பட்டனர். ஒருசாரார் அரக்கான் வழியாகவும், ஒருசாரார் தமு வழியே மணிப்பூருக்கும், ஒருசாரார் ஊக்காங்குப் பள்ளத்தாக்கைக் கடந்து பாங்சோக் கணவாய் வழியே அசாமுக்கும் நடந்தனர். பசியாலும், மலைக்காய்ச்சலாலும், வயிற்றுப்போக்காலும், மழையாலும் வழியிலேயே இறந்தவர் பல்லாயிரவர்.

வானூர்திகள் வீழ்ந்த கிழக்கிமயத்து வழியும், இம்மக்கள் நடந்த பட்காய் மலைவழியும் ஒரே மலைநாட்டைச் சார்ந்தவை. மேலே பறந்தார்க்கு எண் இருந்தது, கோப்பு இருந்தது, எட்டுப்பேர் பெயரும் தெரிந்திருந்தமையால் 62 ஆண்டுக்குப் பின்னரும் தேடிச் சென்றனர். கீழே நடந்தார்க்குப் பட்டியல் இல்லை. அவர் எலும்பு எங்குக் கிடக்கும் எனத் தேடிச் செல்வாரும் இல்லை. தேடியவர்மீது குறை கூறுதல் எம் கருத்தன்று. அவர் செய்தது நன்றே. தேடலுக்குக் காரணம் பட்டியல் என்பதும், பட்டியல் இல்லாதார் இருமுறை இழக்கப்படுகின்றனர் என்பதுமே யாம் சுட்ட விழைவன.

இவ்வழிநடையைப் பற்றித் தமிழில் எழுதியவருள் வெ. சாமிநாத சர்மா தலைசிறந்தவர். இரங்கூனில் இதழாசிரியராயிருந்த அவர், 1942ஆம் ஆண்டு தம் மனைவியாருடன் நடந்து வந்த பட்டறிவைப் 'பர்மா வழிநடைப் பயணம்' என எழுதினார். அந்நூலின் அருமை பெரிது. எனினும் அது திரும்பி வந்தார் எழுதியது. எழுத்தறிவும் துணையும் ஓரளவு பொருளும் உடையார் வந்து சேர்தற்கு இருந்த வாய்ப்பு, துறைமுகக் கூலிகட்கும் வயற்கூலிகட்கும் இருந்ததில்லை. ஆதலின் வழிநடை நூல்களைக் கொண்டு வழியின் கொடுமையை அளப்போர், அளவு உண்மையிற் குறைந்தே காணும் என்பதை மறத்தலாகாது.

அரும்பாவூரும் பச்சைமலையும்

இனி நம் களத்துக்கு வருவோம். அரும்பாவூர் பச்சைமலை அடிவாரத்து ஊர், மரச்சிற்பத்தாற் பெயர்பெற்றது. வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில் தெய்வத் திருமேனிகளும், தேர்ச்சிற்பங்களும், வாகனங்களும் இங்குச் செதுக்கப்பெறுகின்றன. 2020ஆம் ஆண்டில் அரும்பாவூர் மரச்சிற்பம் புவிசார் குறியீடு பெற்றது. இவ்வூர்ப் பட்டறைகளுள் நுழைவார், தமிழ்ச் சிற்ப வரலாற்றில் உள்ளதொரு பெருங்குறையை நேரிற் காண்பார். நம் சிற்ப வரலாறு கல்லையும் செம்பையும் கொண்டு எழுதப்பெற்றது. மரம் திரும்பி வாராதது. மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் வெட்டுவித்த கல்வெட்டு, செங்கலும் மரமும் உலோகமும் சுதையும் இன்றித் தான் கோயில் அமைத்ததைக் கூறுகின்றது. அவை இன்றி அமைத்தது புதுமையெனின், அவற்றால் அமைத்ததே முன்னைய வழக்கம் என்பது பெறப்படும். மண்டகப்பட்டுக்கு முன் மரக்கோயில்கள் இருந்தன என்பது இரண்டாம்வகை இழப்பு. அவற்றின் வடிவம் இத்தகையது எனக் கூறுதல் மூன்றாம்வகையுள் நுழைவதாகும்.

ஆயினும் மரத்தைப் பொறுத்தவரை முதல்வகைக்கு உரிய சான்றும் தேடிப் பெறலாம். கோயிற் கணக்குகளில் தேர் புதுக்கிய செலவும், வாகனங்களின் எண்ணிக்கையும் எழுதப்பெறுவதுண்டு. பழைய தேர் பிரிக்கப்பட்டபோது எச்சிற்பம் எங்குச் சென்றது என்பதைச் சிற்பியர் குடும்பத்து முதியோர் கூறுதல் கூடும். ஒரு வட்டத்துக் கோயில்களை மட்டும் எடுத்துக்கொண்டு, 'இருந்த தேர்கள் இவை, இருக்கும் தேர்கள் இவை' என இருபட்டியல் ஆக்கினாலும் நமக்கு ஒரு 400 கிடைக்கும்; அதன்பின் 20ஐப் பற்றிப் பேசலாம்.

பச்சைமலைமேல் வாழும் மலையாளிகள் தமிழ் பேசும் பழங்குடியினர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்னும் வரலாறு அவரிடையே வழங்குகின்றது. வண்ணாடு, தென்புறநாடு, கோம்பைநாடு என மலை பல நாடாகப் பகுக்கப்படுகின்றது. போர்க்காலத்து வான்வழிகள் பற்றியும், பஞ்சம் பற்றியும், படைக்கு ஆள்சேர்த்தமை பற்றியும், பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்று திரும்பாத உறவினர் பற்றியும் மலையூர்களிலும் அடிவாரத்தூர்களிலும் வழங்கும் நினைவுகளைத் தொகுப்பதே மாணவர்க்கு யாம் வகுக்கும் பணி. போரை நேரிற் கண்டார் இன்று மிகச்சிலர். அவர்தம் மக்களும் மூப்பெய்தி வருகின்றனர். இரண்டாம்வகை இழப்பு மூன்றாம்வகையாக மாறுவதற்கு ஒரு தலைமுறையே போதும்.

பணிக்குச் சில நெறிகள் வேண்டும். மலையேறு முன் ஏட்டுச்சான்றைத் தொகுத்துக்கொள்ளுதல் வேண்டும். காட்டுத்துறையின் இசைவும் ஊர்ப் பெரியோர் இசைவும் பெறுதல் வேண்டும். கூறுவார் சொல்லை அவர் சொல்லாகவே எழுதுதல் வேண்டும். நம் நடையிற் திருத்துதல் கூடாது. 'தெரியாது' என்னும் விடையையும் நாளும் ஊரும் குறித்து எழுதுதல் வேண்டும். அதுவும் ஒரு சான்றே. உடைந்த பொருள் எதனைக் காணினும் இருந்த இடத்திலேயே விட்டு, அளந்து, படமெடுத்து வருதல் வேண்டும். பொறித்த எண்ணை நினைவுப்பொருளாகப் பெயர்த்துக்கொண்டு வருவார், முதல்வகை இழப்பை மூன்றாம்வகையாக்கும் கொடுமையைச் செய்தவராவார்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். மலையில் வீழ்ந்த வானூர்தியைத் தேடி நடத்தல், ஏடும் வாய்மொழியும் பொருளும் ஒன்றுபடுமாயின் வரலாற்று ஆராய்ச்சியாகும். இன்றேற் செலவு மட்டுமே. எஞ்சிய சான்றுகள் எஞ்சியமையாலேயே ஒருதன்மையன. அவற்றைக் கொண்டு முழுமையை அளத்தற்கு முன், எஞ்சாதவை எவ்வாறு எஞ்சாவாயின என்று வினாவுதல் வேண்டும். இழப்பைப் பற்றிய பேச்சு, புறப்பட்டவற்றின் பட்டியலிலிருந்தே தொடங்குதல் வேண்டும். அப்பட்டியலை ஆக்குதலே ஆராய்வான் கடன்.

பண்டையோர் கல் நட்டது வீழ்ந்தானின் புகழுக்காக மட்டுமன்று. இன்னான் இருந்தான், இவ்விடத்து வீழ்ந்தான் என்னும் கணக்கு வழிச்செல்வார்க்கு விளங்குதற்பொருட்டும் ஆகும். செங்கம் பகுதி நடுகற்களைத் தமிழ்நாட்டுத் தொல்பொருள் ஆய்வுத்துறை 1972ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டபோது, பெயரறியா வீரர் பலர் மீண்டும் பெயர் பெற்றனர். பர்மா மலைவழியில் மாண்ட தமிழர்க்கு அத்தகைய கல் இல்லை. அவர்கள் எவ்வூரிலிருந்து சென்றனர் என்பதை அறிந்த வீடுகள் இன்னும் சில உள. அவ்வீடுகளின் வாயிலில் நின்று பெயர் கேட்டு எழுதும் மாணவன், மலையேறி எண் தேடுவான் செய்யும் பணியையே செய்கின்றான்.